கட்டவும் அவிழ்க்கவும்

கேள்வித்தாள்களைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது மணி இரண்டு ஐந்து. இனி ஐந்து மணிவரை பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான் என் வேலை. இருபத்தாறு பெண்கள் குனிந்துவிட்டார்கள். மதியச் சோற்றின் கனம் எல்லோர் கண்ணிலும் இருக்கிறது, என் கண்ணிலும். சன்னலுக்கு வெளியே வேப்பமரம், அதற்கப்பால் கல்லூரிச் சுவர், அதற்கும் அப்பால் கடல். கடல் தெரியாது, காற்றில் உப்பாக மட்டும் வரும். மேலே சுற்றுகிற விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் டக் என்கிறது. எண்ணாதே என்று சொல்லிக்கொண்டே எண்ணுகிறேன். சொந்தப் பாடத்துக்குக் கண்காணிப்புப் போடமாட்டார்கள். இன்றைக்கு இரண்டு பேர் விடுப்பு, வேறு ஆள் இல்லை, போட்டுவிட்டார்கள். இஸ்லாமிய அரசியல் சிந்தனை, மூன்றாம் ஆண்டு. ஆறு வருஷமாக நான் நடத்துகிற பாடம். கேள்வி எடுத்தது நான் இல்லை, வெளியூரில் யாரோ. கைப்பேசியை அலுவலகத்தில் ஒப்படைத்தாயிற்று. யாரும் என்னைக் கூப்பிட முடியாது, நானும் யாரையும் கூப்பிட முடியாது. அதுவும் நல்லதுதான். மிஞ்சிய கேள்வித்தாள் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டேன். பதினெட்டாம் கேள்வி, பத்து மதிப்பெண்: ‘ஆட்சித் தலைவரின் பதவி எந்தெந்தக் குறைகளால் முறியும்? பழைய சட்ட அறிஞர்களின் கருத்துகளைக் கொண்டு விளக்குக.’ இன்று காலை யாரோ எங்கள் வீட்டு வாசலில் ஒளிந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நேரே போய் இதை அச்சடித்தாற்போல இருந்தது. அப்படியெல்லாம் இல்லை. ஆறு வருஷத்தில் நான்கு தரம் வந்த கேள்விதான் இது.

நான் எழுதினால் எப்படி எழுதுவேன். அந்தக் காலத்து அறிஞர்களுக்கு அரசு என்பது கோட்டையும் இல்லை கொத்தளமும் இல்லை, ஒரு கை இன்னொரு கையைப் பிடிப்பது. பைஅத் என்பார்கள் அதை. கட்டவும் அவிழ்க்கவும் உரியவர்கள் என்று ஊரில் சிலர் இருப்பார்கள். அவர்கள் ஒருவர் கையைப் பிடித்து, நீ நீதியாக நட, நாங்கள் கீழ்ப்படிகிறோம் என்று சொன்னால் அவர் தலைவர். கட்டியது என்றால் அவிழவும் வழி இருக்க வேண்டும் அல்லவா, அதையும் எழுதிவைத்தார்கள். புத்தி போனால் அவிழும். எதிரியிடம் சிறைப்பட்டு மீளும் வழி இல்லாமல் போனால் அவிழும். மூக்கு மணம் அறியாவிட்டால் பாதகமில்லை, நாக்கு ருசி அறியாவிட்டாலும் பாதகமில்லை, அதெல்லாம் ஆளுகிறவனுடைய சுகம், ஆளப்படுகிறவனுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. மாலைக்கண் பாதகமில்லை. கண்ணே போனால் அவிழ்ந்துவிடும். பார்வை மங்கினால்? அதற்கும் ஓர் அளவு வைத்தார்கள். ஆளைக் கண்டு இன்னார் என்று அறிந்தால் பதவி நிற்கும். ஆள் நிற்பது தெரிகிறது, யாரென்று தெரியவில்லை என்றால் நிற்காது. வகுப்பில் இந்த இடம் வரும்போது பெண்கள் சிரிப்பார்கள், இவ்வளவு நுணுக்கமா மிஸ் என்று. நானும் சிரித்திருக்கிறேன். போன ரஜப் மாதத்திலிருந்து சிரிப்பதில்லை. ரஜபில்தான் வாப்பாவைத் திருநெல்வேலிக்குக் கண் காட்ட அழைத்துப்போனேன். டாக்டர் ஒரு சிறு விளக்கை அவர் கண்ணுக்குள் அடித்துப் பார்த்துவிட்டு, “நரம்பு ரெண்டும் காஞ்சுபோச்சும்மா, மிஞ்சினதக் காப்பாத்தலாம், போனது போனதுதான்” என்றார். மிஞ்சியது என்பது வெளிச்சமும் நிழலும். காரில் திரும்பினோம். தாமிரபரணிப் பாலம் தாண்டியதும், “ஜுலைஹா, யாருக்கும் சொல்லாதம்மா. நோன்பு முடியட்டும்” என்றார். நோன்பு முடிந்தது. “ஹஜ்ஜுப் பெருநாள் கழியட்டும்” என்றார். கழிந்தது. இப்போது ஸபர் மாதம், எட்டு மாதம் ஆகிவிட்டது.

என் வாப்பா மீரா லெப்பை எங்கள் ஊர் ஜமாஅத்தின் தலைவர். இருபத்திரண்டு வருஷமாகத் தலைவர். கல்யாணம், மணவிலக்கு, பாகப்பிரிவினைச் சச்சரவு, சந்துச் சண்டை எல்லாம் அவர் முன்னால்தான் வரும். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு அவர் தீர்ப்புச் சொன்னதில்லை, எனக்குத் தெரிந்து. பெண் கல்யாணத்துக்குப் பிறகும் தாய்வீட்டிலேயே இருப்பது எங்கள் ஊர் வழக்கம். என்னைக் கட்டிய மச்சான் கொழும்பில் வேலை பார்க்கிறார், உம்மா போய்ச் சேர்ந்து நான்கு வருஷம், அதனால் வீட்டில் நானும் வாப்பாவும்தான். கண்ணில் நீர் வடிகிறது என்று சொல்லிக் கறுப்புக் கண்ணாடி போட்டார். குரலை வைத்து ஊரை அடையாளம் கண்டார், அதில் கெட்டிக்காரர், செருப்பின் ஓசையை வைத்தே பெயர் சொல்லிவிடுவார். காகிதங்களை மட்டும் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு நான் வாசிப்பேன், அவர் கேட்பார், தீர்ப்பைச் சொல்லுவார், நான் எழுதுவேன், கையெழுத்து வரவேண்டிய இடத்தில் என் சுண்டுவிரலை வைப்பேன். பேனா முனை என் விரலைத் தொட்டதும் அங்கிருந்து அவர் கை ஓடும். இருபத்திரண்டு வருஷக் கையெழுத்து, பிசகியதே இல்லை. நகத்தோரம் ஊதா மை ஒட்டிக்கொள்ளும், கல்லூரியில் வந்து கழுவுவேன். அந்த மாலைகள் இனிமையானவை என்றுகூடச் சொல்வேன். வாப்பா உம்மாவுக்குக்கூட அவ்வளவு பக்கத்தில் கிடைத்திருக்கமாட்டார். வேம்பின் நிழல் இப்போது இரண்டாம் சன்னலுக்கு வந்துவிட்டது. மூன்றாம் பெஞ்சில் ஒருத்தி கொட்டாவி விடுகிறாள், அது பெஞ்சு பெஞ்சாகத் தாவி என்னிடம் வருகிறது.

காலை ஏழு மணிக்கு மர்ளியா வந்தாள். கீழத்தெருப் பெண், இருபத்தேழு வயது. புருஷன் அடிக்கிறான் என்று குல்உ கேட்டு, அதாவது பெண் தானாகக் கேட்டு வாங்குகிற மணவிலக்குக் கேட்டு, ஜமாஅத்துக்கு எழுதிக் கொடுத்தவள். வாப்பா அவளை விசாரித்த நாள் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சோறு உண்ணாமல், “அந்தப் புள்ள தோள்ல இருந்த தழும்பைப் பொம்பளைங்க பாத்துச் சொன்னாங்க. அவளை விடுவிச்சுட்டேன்” என்று சொன்னார். அந்தத் தீர்ப்புக் காகிதம் மட்டும் வீட்டுக்கு வரவில்லை. அன்றைக்குக் கல்லூரியில் ஆய்வுக் குழு, நான் இருட்டித்தான் வந்தேன். செயலாளர் சதக்கத்துல்லா மண்டபத்திலேயே வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டதாக வாப்பா சொன்னார். சதக்கத்துல்லா அவளுடைய புருஷனுக்குச் சாச்சா முறை, சின்ன வாப்பா. அது எனக்கு அப்போது தோன்றவில்லையா, தோன்றியும் தள்ளிவிட்டேனா? இங்கேதான் ஒவ்வொரு தரமும் என் யோசனை முள்ளில் சிக்கிய முந்தானை மாதிரி நிற்கிறது. மர்ளியா முக்காட்டுக்குள்ளிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். “இது உங்க வாப்பா கையெழுத்துதானே ராத்தா?” “அவங்களதுதான்.” “எனக்கு வாயால சொன்னது வேற. இதுல இருக்கிறது வேற. நேத்துத்தான் கையில குடுத்தாங்க.” படித்தேன். மர்ளியா நாற்பது நாளைக்குள் புருஷன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், தவறினால் மஹல்லாப் பதிவேட்டிலிருந்து, அதாவது ஊர் ஜமாஅத்தின் பெயர்ப் பட்டியலிலிருந்து, அவள் பெயர் நீக்கப்படும். தேதி முஹர்ரம் மாதத்தது. கீழே வாப்பாவின் கையெழுத்து, ஒரு விரற்கடை மேலே ஏறி, எழுத்தின்மேல் பட்டிருந்தது. என் விரல் இல்லாமல் போட்டது. “நாளையோட நாப்பது முடியுது ராத்தா. பேரை எடுத்துட்டா நாளைக்கு நான் செத்தா எங்க அடக்குவாங்க?” அவள் அழவில்லை. கேள்வியாகத்தான் கேட்டாள். உள்ளே வாப்பா குளித்துக்கொண்டிருந்தார், தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம் வா, இன்றைக்கு மஃரிப் தொழுகைக்குப் பிறகு கூட்டம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். வாப்பா தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, “யாரும்மா வந்தது?” என்றார். “பால்காரர்” என்றேன். நாக்கு அவ்வளவு சுளுவாகச் சொன்னது. எட்டு மாதப் பழக்கம்.

“மிஸ்.” நான்காம் பெஞ்சில் ஒரு கை உயர்ந்திருக்கிறது. ரிஃபாயா. கூடுதல் தாளுக்கு இவ்வளவு சீக்கிரமா. தாளையும் கட்டுவதற்கு நூலையும் எடுத்துக்கொண்டு போனேன். தாள் வேண்டாமாம். குரலைத் தாழ்த்தி, “மிஸ், பதினெட்டாவதுல, பதவி முறியும்னு எழுதணுமா, முறிக்கப்படும்னு எழுதணுமா?” என்றாள். “கேள்வியை நல்லாப் படிச்சு எழுதும்மா. ஹால்ல நான் ஒண்ணும் சொல்லக்கூடாது” என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தேன். முறியுமா, முறிக்கப்படுமா. கண் போன அந்த நொடியில், யாரும் அறியாமல், தலைவர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கட்டு தானாக அவிழ்ந்து விழுந்துவிடுமா, அல்லது யாராவது எழுந்து நின்று, உமக்குப் பார்வை இல்லை, இதோ அவிழ்க்கிறோம் என்று சொல்கிறவரை கட்டு கட்டாகவே இருக்குமா. தானாக அவிழ்ந்தது என்றால் எட்டு மாதமாக ஊருக்குத் தலைவரே இல்லை. எட்டு மாதத்தில் எத்தனை நிக்காஹ், எத்தனை விலக்கு, எத்தனை சமாதானம். எல்லாம் காற்றில் போட்ட கையெழுத்து. அவிழ்க்கத்தான் வேண்டும் என்றால், அவிழ்க்கவேண்டியவர்களுக்குத் தெரியவேண்டும். தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி. இன்னொருவன் சதக்கத்துல்லா. எப்போது கண்டுபிடித்தானோ. ஒரு நாள் வெற்றுத் தாளை நீட்டிச் சோதித்திருப்பான். நான் பாசத்தால் மறைத்தேன், அவன் காரியத்துக்காக மறைத்தான். மர்ளியாவுக்கு வந்த காகிதத்துக்கு இந்த வித்தியாசம் தெரியுமா.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றித்தான் இவ்வளவு நேரமாகப் போய்க்கொண்டிருக்கிறேன், கிணற்றைச் சுற்றுகிற மாடு போல, உள்ளே எட்டிப் பார்க்காமல். ஹஜ்ர் என்று அரபியில் ஒரு சொல், தடை என்று பொருள். தலைவர் தன் ஆட்களில் ஒருவருடைய கைக்குள் அகப்பட்டு, அந்த ஆளே எல்லாக் காரியமும் நடத்துவதற்கு அறிஞர்கள் இட்ட பெயர். வேர் ஒன்றிலிருந்து எத்தனை கிளை பாருங்கள் என்று வகுப்பில் பலகையில் எழுதிப் போடுவேன். ஹஜர் என்றால் கல். ஹுஜ்ரா என்றால் அறை. ஹிஜ்ர் என்றால் மடி. தடை, கல், அறை, மடி. வாப்பாவை நான் மடியில்தானே வைத்திருந்தேன், அறை என்று எனக்குத் தெரியவில்லை. நோன்புப் பெருநாள் கழிந்த வாரம் ஒரு மனு வந்தது. மேலத்தெரு ஆட்கள் பத்தொன்பது பேர் கையெழுத்திட்டது. முதல் பத்தி தண்ணீர்க் குழாய். இரண்டாம் பத்தி பள்ளிவாசல் கூரை. மூன்றாம் பத்தியில் இப்படி இருந்தது: தலைவர் பதவிக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் தேர்தல் வைக்கவேண்டும், இருபத்திரண்டு வருஷம் ஒருவரே இருப்பது அவருக்கும் சுமை, ஊருக்கும் நல்லதல்ல, இதை மரியாதையோடு கேட்கிறோம். மரியாதையோடுதான் கேட்டிருந்தார்கள். குழாயை வாசித்தேன். கூரையை வாசித்தேன். மூன்றாம் பத்தி வந்ததும் வாப்பாவின் முகத்தைப் பார்த்தேன், கறுப்புக் கண்ணாடி இல்லாத நேரம், கண் இரண்டும் என் குரல் வந்த பக்கம் திறந்து, ஒன்றும் காணாமல், அவ்வளவு நம்பி. “இவ்வளவுதான் வாப்பா” என்றேன். பாசம்தான். அவர் மனசு நோகக்கூடாது என்றுதான். ஆனால் அன்றைக்கு ராத்திரி படுத்தபோது ஒரு சின்ன இனிப்பும் இருந்ததே, அதை யாரிடம் சொல்லுவேன். ஒரு ஊர் கேட்ட கேள்வியை நான் ஒருத்தி விழுங்கிவிட்டேன் என்கிற இனிப்பு. வாசிக்கும்போது ஒரு சொல்லைக் கொஞ்சம் அழுத்தினால் வாப்பாவின் தலை அந்தப் பக்கம் சாயும் என்று அதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்து அழுத்தியிருக்கிறேன். நியாயத்துக்காகத்தான் அழுத்தினேன். சதக்கத்துல்லாவும் அப்படித்தான் சொல்லுவான்.

டக். விசிறி சுற்றுகிறது. தவ்லத் என்றால் அரசு, அதன் பழைய பொருள் சுற்றி வருவது, முறை மாறுவது, இன்று உன்னிடம் நாளை இன்னொருவனிடம். அது எங்கள் தெருவுக்கு வந்துசேர்ந்தபோது தவுலத்து ஆகிவிட்டது. தவுலத்தாக நடக்கிறான் என்றால் திமிராக நடக்கிறான். சுற்றவேண்டியது நின்றுபோனால் திமிராகிவிடும் என்று யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பொருள் இல்லை, சொல் தானாகப் போய் அங்கே உட்கார்ந்திருக்கிறது. கண் சொக்குகிறது. வட்டமாக ஒரு நகரம், சுட்ட செங்கல் நிறம், நடுவில் பச்சைக் குவிமாடம். கலீபா திரைக்குப் பின்னால் இருக்கிறார். திரைக்குப் பின்னால் இன்னொரு திரை. ஜனங்கள் மனுக்களோடு வெயிலில் நிற்கிறார்கள், யாருக்கும் வாய் இல்லை, காகிதம் மட்டும் அசைகிறது. திரையிலிருந்து ஒரு கை வெளியே வருகிறது, எல்லோரும் அதைப் பிடித்து முத்தம் இடுகிறார்கள், நானும் வரிசையில் போகிறேன், பக்கத்தில் போனால் அந்தக் கையின் சுண்டுவிரல் நகத்தோரம் ஊதா மை. பிடித்தால் சூடே இல்லை. திரையை விலக்கினால் உள்ளே யாரும் இல்லை, ஒரு நாற்காலி, அதில் நான். தலை முன்னால் விழ, விழித்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. இருபத்தாறு பேரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், பேனாக்களின் சரசரப்பு மணலில் நண்டுகள் ஓடுவது மாதிரி கேட்கிறது. எழுந்து நடந்தேன். ரிஃபாயாவைக் கடக்கும்போது பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். பெரிய எழுத்தில், கோடு போட்டு எழுதியிருந்தாள்: ‘குறை வந்தால் பதவி தானாக முறியாது. குறையை அறிந்தவர் எழுந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் பாவம் முழுச் சமூகத்துக்கும் சேரும்.’ நான் அப்படி நடத்தியதில்லை. அறிஞர்களும் ஒரே குரலில் அப்படிச் சொன்னதில்லை, ஆளுக்கொன்று சொன்னார்கள். தலைவரை ஏற்படுத்துவது சமூகம் முழுவதன் கடமை, ஒருவரும் செய்யாவிட்டால் குற்றம் எல்லோருக்கும் என்று நான் சொல்லியிருக்கிறேன், அவள் அதைக் கொண்டுவந்து இங்கே சேர்த்துவிட்டாள். திருத்துகிறவர் பாதி மதிப்பெண்தான் போடுவார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன் போலிருக்கிறது, அவள் நிமிர்ந்து பார்த்துத் தாளைக் கையால் மூடினாள்.

ஐந்து மணிக்குத் தாள்களை வாங்கி அடுக்கி, கட்டி, அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். இருபது நிமிட நடை. சொன்னால் ஊர் என்ன சொல்லும், மகள்தான் ஊரை ஆண்டாள் என்று சொல்லும், அது பொய்யும் இல்லை. வாப்பா என்ன ஆவார். இருபத்திரண்டு வருஷத்தை உரித்துவிட்டால் உள்ளே யார் இருப்பார். போகும்போதே பேசிப் பார்த்தேன், எல்லா வாக்கியமும் நடுவிலேயே உடைந்தது. வாப்பா அஸர் தொழுதுவிட்டு முற்றத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். “இன்னிக்குச் செருப்பை இழுத்து நடக்கிறியே, உடம்புக்கு என்னம்மா?” என்றார். பக்கத்தில் உட்கார்ந்தேன். “வாப்பா, காலையில வந்தது பால்காரர் இல்ல. மர்ளியா.” காகிதத்தை வாசித்தேன், ஒரு சொல் விடாமல், எதையும் அழுத்தாமல். முடித்ததும், “திரும்ப வாசி” என்றார். வாசித்தேன். “என் கையெழுத்தா?” “ஆமா வாப்பா. எழுத்துமேல ஏறிக் கிடக்கு.” அவர் வலது கையைத் தூக்கி, அது யாருடையதோ போல, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். “சதக்கத்துல்லாவா?” என்றார். “அவர்தான். ஆனா வாப்பா, அவர் மட்டும் இல்ல.” அந்த மனுவைச் சொன்னேன். மூன்றாம் பத்தியைச் சொன்னேன், மனப்பாடமாக இருந்தது எனக்கு. பிறகு அந்த இனிப்பையும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, அது மட்டும் உடையாமல் வந்தது. அடிப்பார் என்று நினைத்தேன், சின்ன வயதில்கூட அடித்ததில்லை. தூக்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, “பத்தொன்பது பேரா?” என்றார். “ஆமா.” “எனக்குச் சுமைன்னு எழுதியிருந்தாங்களா?” “ஆமா வாப்பா.” “சுமைதான்” என்றார். பிறகு குரல் கடுத்தது. “நீ எனக்கு இரக்கப்பட்டியோ? உன்னைக் கண்ணாத்தானே வச்சிருந்தேன். கண்ணு எங்கேயாவது இரக்கப்படுமா?” காகிதத்தை மடித்தேன். “சொல்லாதன்னு சொன்னவன் நான். முதல் குத்தம் என்னது. எழுந்திரு. சட்டையை எடு” என்றார்.

பள்ளிவாசலை ஒட்டிய மண்டபத்தில் பெண்களுக்கு ஒரு பக்கம் திரை கட்டியிருக்கும், வழக்குள்ளவர்கள் அங்கே உட்காருவார்கள். நானும் மர்ளியாவும் உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் ஆண்களின் இருமல், நாற்காலிகள் நகர்வது, சதக்கத்துல்லா அன்றைய விஷயங்களை அடுக்கத் தொடங்குவது. “கொஞ்சம் நிறுத்து” என்று வாப்பாவின் குரல் வந்தது. “அதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லணும். ரஜப்லருந்து எனக்குக் கண் தெரியல.” இருமல்கூட நின்றுபோனது. கடலே ஒரு அலையை விழாமல் பிடித்துக்கொண்ட மாதிரி. “மறைச்சிட்டேன். இருபத்திரண்டு வருஷம் முன்னால நீங்க என் கையைப் பிடிச்சீங்க. கண் இருக்கிற ஆள்னு நம்பிப் பிடிச்சீங்க. ரஜப்லருந்து நான் போட்ட கையெழுத்தையெல்லாம் எடுத்துச் சபையில சத்தமா வாசிக்கணும், சம்பந்தப்பட்டவங்க இருக்கணும். இப்ப முதல்ல மர்ளியாவோட காகிதம்.” சதக்கத்துல்லா, “தலைவருக்கு உடம்புக்கு முடியல போல. இதை இன்னொரு நாளைக்கு...” என்றான். “உன் குரல் கேக்குது சதக்கத்துல்லா. நீ எனக்கு வாசிச்ச வார்த்தையும் காதுல இருக்குது. தாள் என் மககிட்ட இருக்குது, அவ வாசிப்பா.” யாரோ ஒரு பெரியவர், “பொம்பளப்புள்ள சபையில எப்படி மீரா லெப்பை?” என்றார். வாப்பா சொன்னார், “எட்டு மாசமா இந்த ஊரை அவதான் வாசிச்சா. உங்களுக்குத் தெரியாம வாசிச்சா. தெரிய வாசிச்சா மட்டும் குத்தமா?” மர்ளியா என் முழங்கையைத் தொட்டுத் தள்ளினாள். நான் திரையை விலக்கிக்கொண்டு போனேன். எத்தனை முகம். எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள், ஒவ்வொருவரும் இன்னார் என்று தெரிந்தது, அதுவே தாங்க முடியாமல் இருந்தது. வாசித்தேன். பிறகு யாரும் கேட்காமலே மேலத்தெரு மனுவின் மூன்றாம் பத்தியையும், அதை நான் மறைத்ததையும் சொன்னேன். பின்வரிசையில் ஒருவன் எழுந்து நின்று, என்னைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் உட்கார்ந்தான்.

அரை மணி நேரம் சத்தமாக இருந்தது. யார் யாரை ஏசினார்கள் என்று எனக்கு வரிசையாக நினைவில்லை, தண்ணீருக்குள் இருந்து கேட்பது போலக் கேட்டேன். சதக்கத்துல்லா நடுவில் எழுந்து போய்விட்டான், யாரும் தடுக்கவில்லை, சாவிக்கொத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடைசியில் பழைய காகிதத்தைச் செல்லாது என்று எழுதினார்கள். மர்ளியாவின் விலக்குக்குப் புதுக் காகிதம், வாப்பா விசாரித்த அன்று சொன்ன வார்த்தையிலேயே. கையெழுத்துக்கு நீட்டியபோது வாப்பா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “இனி என் கை ஆகாது. நிர்வாகத்துல இருக்கிற நீங்க ஏழு பேரும் போடுங்க. தலைவர் யாருங்கிறதை மேலத்தெரு ஆளுகளையும் வச்சுப் பேசுங்க.” ஏழு பேரும் போட்டார்கள், ஒவ்வொருவரும் வாசித்துவிட்டுப் போட்டார்கள். அதற்கே வெகுநேரம் ஆனது, ஒருவருக்குக் கண்ணாடி இல்லை, பக்கத்து ஆளிடம் இரவல் வாங்கினார். அந்தக் காகிதத்தைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொடுத்தேன். மர்ளியா என்னை வாசிக்கச் சொல்லவில்லை. எழுத்துக்குக் கீழே விரலை ஓட்டித் தானே வாசித்தாள், உதடு அசைய, முதலிலிருந்து கடைசிவரை, மறுபடி ஒரு தரம். ஏழு பெயரையும் வாசித்தாள். மடித்து முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு, “சரி ராத்தா” என்றாள். நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. எதற்குச் சொல்லவேண்டும்.

கூட்டம் கலைந்தது. செருப்புகளைத் தேடுகிற சத்தம், படியிறங்குகிற சத்தம், பிறகு தெருவில் தணிந்த பேச்சு. வாப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். “எல்லாரும் போயாச்சாம்மா?” என்றார். ஆமாம் என்று சொல்ல நாக்கு எழுந்தது. “இல்ல வாப்பா” என்றேன். “மர்ளியா வாசல்ல நிக்கிறா. இங்கதான் பாத்துக்கிட்டு நிக்கிறா.”

“நிக்கட்டும்” என்றார். அப்புறம் அழுதார்.